குளவியும் டேங்கும்

அக்காவை எல்லோரும் குளவி என்றுதான் கூப்பிட்டார்கள். வெடுக்கென்று பேசுவாள் என்பதற்காக வைத்த பெயரில்லை, அதுவும் உண்டு என்றாலும். அவள் நிஜமாகவே குளவி வளர்த்தாள். சுவரில் கூடு கட்டிக் கொட்டுகிற ஜாதி இல்லை. எழுதி முடித்ததும் வைக்கிற புள்ளியைவிடச் சின்னது. ஆனால் அது செய்கிற காரியத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தைரியசாலியும் எழுந்து போய்விடுவான். பருத்திக் காயைத் துளைக்கும் புழுவின் தாய், அந்துப்பூச்சி, இலையிலும் மொட்டிலும் முட்டை வைத்துவிட்டுப் போகும். இந்தக் குளவி தேடிப் போய் அந்த முட்டைக்குள் தன் முட்டையைச் செருகும். குளவிக் குஞ்சு உள்ளே பொரித்து, புழுவாக வேண்டியதை உள்ளிருந்தே தின்று தீர்த்து, ஓட்டைக் கடித்துத் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

"பிறக்குறதுக்கு முன்னாடியே கதைய முடிச்சிடும். சத்தமும் இல்ல, நாத்தமும் இல்ல" என்பாள் அக்கா, தன் பிள்ளையின் சாமர்த்தியத்தைச் சொல்கிற மாதிரி.

மூடிக்கிடந்த பஞ்சு ஆலையின் பின்பக்கம் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்திருந்தாள். முதல் அறையில் தட்டுத் தட்டாக உடைத்த தானியம். அதில் ஒருவகை தானிய அந்து வளரும். குளவிக்குத் தீனி அந்த அந்தின் முட்டைதான். இறக்கைச் செதில் தூசியாகப் பறந்து நெஞ்சை அடைக்கும் என்று மூக்கிலும் வாயிலும் எப்போதும் துணி கட்டியிருப்பாள். எறும்பு ஏறாமல் அலமாரிக் கால்கள் ஒவ்வொன்றும் எண்ணெய்க் கிண்ணத்தில் நிற்கும். இரண்டாவது அறையில் உள்ளங்கை அகல அட்டைகள். அட்டையில் பசை தடவி முட்டையைத் தூவி, ஊதா விளக்கின் கீழே வைத்து முட்டைக்குள்ளிருக்கும் உயிரை அடக்கிவிட்டு, குளவிகளோடு பையில் போட்டுக் கட்டுவாள். நான்காம் நாள் முட்டை கறுக்கும். கறுத்தால் குளவி குடியேறிவிட்டது என்று அர்த்தம். அந்த அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி வயலில் இலைக்கு அடியில் குத்தி விட்டால், மூன்று நான்கு நாளில் படை கிளம்பிவிடும்.

விவசாய அலுவலகத்து ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடம் பெருக்கித் துடைத்தவள் அவள். அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். துடைப்பத்தோடு நின்று பார்த்தவளுக்கு வேலை கைவந்தது. கூடத்தை மூடியபோது இரண்டு கண்ணாடிக் குப்பியில் குளவியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டாள்.

அவளுடைய தம்பிக்கு டேங்கு என்று பெயர். மருந்தடிக்கிறவன். முதுகில் மோட்டார் டேங்கை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது டேங்கு அடிப்பான். ஒன்பது பேர் கொண்ட கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அப்பா இடுப்பு பெல்ட்டைக் கழற்றினால் கட்டிலுக்கு அடியில் சேர்ந்து ஒளிந்த பிள்ளைகள் இவர்கள் இருவரும். அடி வாங்கி வளர்ந்ததில் அக்கா வாயடிக்காரி ஆனாள். தம்பி கையடிக்காரன் ஆனான். இருபது வருடம் மருந்தோடு புழங்கியதில் அவனுக்குக் கண்ணில் எப்போதும் நீர் கட்டும், இடது கண் இமை தானாகத் துடிக்கும். கேட்டால், "உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு, இனிமே பாம்பு கடிச்சா பாம்புதான் சாகும்" என்று சிரிப்பான்.

முந்தின வருடம் அந்தப் பக்கத்து வயல்களில் பன்னிரண்டு தடவை மருந்தடித்தார்கள். அப்படியும் நூறு காயைப் பிளந்து பார்த்தால் அறுபத்தைந்தில் புழு நெளிந்தது. மருந்து புழுவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொன்றிருந்தது. அதனால்தான் இந்தத் தடவை ஒட்டி ஒட்டி நிலம் வைத்திருந்த இருபத்தாறு பேர் கூடிப் பேசினார்கள். நடுவயல்காரரான டிரைவர் வீட்டு வாசலில்தான் கூட்டம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். பேச்சில்கூட ஹாரன் அடிக்கிற சத்தம் இருக்கும். முதல் மொட்டு விட்டதிலிருந்து யாரும் மருந்தடிப்பதில்லை, அக்காவின் அட்டைதான் என்று முடிவானது.

"ஒருத்தர் அடிச்சாலும் போச்சு. காத்துல வந்து எல்லாரோட குளவியும் சாகும்" என்று அக்கா சொன்னாள்.

"அடிச்சவன் கைய நான் முறிக்கிறேன்" என்றார் டிரைவரின் மாப்பிள்ளை. ஆறடி உயரம், வாயைத் திறந்தால் முறிப்பது, உடைப்பதுதான்.

ஒரு மாதம் ஆயிற்று. அட்டைகள் போய்க்கொண்டிருந்தன. டேங்கின் கூட்டம் மருந்துக்கடைத் திண்டில் உட்கார்ந்து ஈ ஓட்டியது. கடைக்காரர் அவர்களுக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்து, தினமும் அதே வார்த்தையைச் சொன்னார். "உன் சோத்துல மண்ணப் போட்டது வேற யாருமில்லப்பா, கூடப் பிறந்தவ."

ஒரு நாள் காலை டேங்கு அக்காவின் அறைக்குள் செருப்போடு வந்து நின்றான்.

"செருப்ப வெளிய விடுடா. எறும்பு வரும்."

"எறும்பு வந்தா என்ன? என் வீட்ல அடுப்பெரிஞ்சு நாலு நாள் ஆச்சு."

"வேலை நான் தர்றேன். அட்டை குத்த ஆளு வேணும். நீயும் உன் ஆளுங்க எட்டுப் பேரும் வாங்க."

"இலைக்கு அடியில குனிஞ்சு பேப்பர் குத்துறதா? பொம்பளைங்க பண்ற வேலைய நான் பண்ணணுமா?"

"பொம்பளைங்க பண்ணாத வேலைய நீ இருபது வருஷமா பண்ணி என்னத்தக் கண்ட? கண்ணாடியில மூஞ்சியப் பாரு. இமை அடிச்சுக்குது, பூனை வாலு மாதிரி."

அவன் பக்கத்து அலமாரியைப் பிடித்து இழுத்தான். பதினெட்டுத் தட்டும் சரிந்து விழுந்து, தானியமும் அந்தும் சிதறி, அறை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி எழும்பியது. அக்கா அவன் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. கை சிவந்துபோகிற அறை. அவன் அவளுடைய கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து அழுத்தினான். அவள் கண்ணை மூடவில்லை. மூச்சு முட்டி முகம் வீங்கியபோதும் அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன்தான் பார்வையை விலக்கினான், கையை எடுத்தான்.

"இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். நிறுத்திடு" என்றான், வாசலுக்குப் போய்.

"போடா" என்றாள் அவள். குரல் கரகரத்துச் சரியாக வரவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் டேங்கும் அவன் ஆட்களும் டிரைவர் வயலுக்குள் இறங்கினார்கள். உச்சி வெயில், வழக்கமாக வயலில் யாரும் இல்லாத நேரம். ஒன்பது டேங்கு, கடைக்காரர் சும்மா கொடுத்த மருந்து. லேபிள் இல்லாத கேன். அளவு கேட்டதற்கு, "தாராளமா ஊத்து" என்று சொல்லியிருந்தார். இரண்டு பங்கு கலந்தார்கள். காற்று தெற்கிலிருந்து வடக்கே அடித்தது. நடுவயலில் அடித்தால் வடக்கே இருக்கிற பதினோரு வயலுக்கும் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தான் டேங்கு.

மோட்டார் சத்தம் கேட்டு டிரைவர் வெறுங்கையோடு ஓடிவந்தார். "டேய்! நிறுத்துங்கடா! யாரக் கேட்டு இறங்கினீங்க?" என்று முதல் ஆளின் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேர் அவரைத் தள்ளினார்கள். எழுந்தார். மறுபடி தள்ளினார்கள். அறுபத்துமூன்று வயது மனிதர் மூன்றாவது தடவையும் எழுந்து வந்தபோது டேங்கு கையிலிருந்த பித்தளைக் குழாயைத் திருப்பி வாயிலேயே ஒன்று போட்டான். முன்பல் மூன்று போயிற்று. அவர் பாத்திக்கு நடுவில் மண்டியிட்டு, உள்ளங்கையில் துப்பி, துப்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா இரண்டு வயல் தள்ளி அட்டை குத்திக்கொண்டிருந்தாள். அவள் வரும்போது வழியில் வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். எடுத்தது நினைவில்லை என்று பின்னால் சொன்னாள். டேங்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் அடித்துக்கொண்டு போனான். வெள்ளைப் புகையாக மருந்து செடிமேல் இறங்கியது. மூன்று நாளைக்கு முன்னால் அவள் குத்திய அட்டை அந்த இலைகளுக்கு அடியில்தான் இருந்தது. அன்று வெளியே வர வேண்டிய குளவிகள்.

கூப்பிடவில்லை, திட்டவில்லை. பின்னாலிருந்து ஓடிப்போய் மண்வெட்டியை ஓங்கி அவன் முதுகில் இருந்த டேங்கின்மேல் இறக்கினாள். பிளாஸ்டிக் பிளந்தது. அரை டேங்கு மருந்து பிடரியில் ஊற்றி, முதுகில் வழிந்து, இடுப்பில் கட்டியிருந்த துணியை நனைத்துக் கால்வரை இறங்கியது.

அவன் திரும்பினான். யாரென்று பார்த்துவிட்டுத்தான் அடித்தான். அதில் சந்தேகமே வேண்டாம். பித்தளைக் குழாய் அவளுடைய இடது தோளுக்கு மேலே கழுத்தெலும்பில் விழுந்தது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. உட்கார்ந்துவிட்டாள். அவன் மறுபடி குழாயை ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை. நடுங்கியது. டேங்கின் பட்டியை உதறிக் கீழே போட்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எச்சில்தான் வழிந்தது, நிற்காமல், கைக்குழந்தைக்கு வழிகிற மாதிரி. கன்னத்துச் சதை தனியாகத் துடித்தது. "அக்கா, கண்ணு தெரியல" என்றான். அப்படியே பக்கவாட்டில் செடிகளை ஒடித்துக்கொண்டு விழுந்தான்.

அவனுடைய ஆட்கள் எட்டுப் பேரும் ஓடினார்கள். ஒருவன்கூட நின்று பார்க்கவில்லை.

அக்கா தவழ்ந்து போய் அவன் இமையைப் பிரித்துப் பார்த்தாள். கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த மருந்து விஷ முதலுதவிப் படத்தில் இதைத் தினமும் துடைத்திருக்கிறாள். முதலில் துணியைக் கழற்று. தண்ணீர் ஊற்று. ஒரு கையால் அவன் சட்டையைக் கிழித்தாள். இடது கை தொங்கியது. அசைந்தால் எலும்பு முனை தோலுக்கு அடியில் குத்தியது. காலைப் பிடித்து வாய்க்காலுக்கு இழுக்கப் பார்த்தாள், ஒரு முழம்தான் நகர்ந்தது.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் மாப்பிள்ளை, கையில் மோட்டார் கொட்டகையின் இரும்புக் கம்பி. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், கம்பும் கட்டையும். மாமனாரின் வாயைப் பார்த்தார் மாப்பிள்ளை. பிறகு கீழே கிடந்தவனைப் பார்த்தார்.

"தள்ளிக்கங்க அக்கா."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வண்டி எடுங்க."

"வண்டியா? மாமா பல்லு மண்ணுல கிடக்கு. வயலு நாசமாப் போச்சு. இவனுக்கு வண்டி வேற எடுக்கணுமா? ஒரே போடு, கணக்கு தீர்ந்தது."

"அவன் சாகப்போறான். நீ போட வேண்டிய அவசியமே இல்ல. விட்டுடு."

"சாகட்டும். ஆனா என் கையால சாகட்டும்."

கம்பியை ஓங்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். அக்கா வலது கையில் மண்வெட்டியைக் காம்பின் நடுவில் பிடித்து, உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் வீசினாள். அது மாப்பிள்ளையின் மணிக்கட்டில் பட்டது. கம்பி பறந்துபோய் விழுந்தது. ஆறடி மனிதர் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குதித்தார்.

"இன்னொருத்தன் வா!" என்று கத்தினாள் அக்கா. தலைமுடி அவிழ்ந்து, முகத்துத் துணி கழுத்தில் தொங்க, பாதி நிர்வாணமாகக் கிடந்த தம்பியின்மேல் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "இவன நான் அடிச்சேன். டேங்க உடைச்சது நான். இவன் செத்தா அது நான் பண்ண கொலை. உங்க யாருக்கும் இதுல பங்கு கிடையாது. வாங்கடா, யாருக்கு மண்டை கனக்குது?"

யாரும் வரவில்லை. இவளைத் தாண்டிப் போகலாம்; போனால் இவளையும் அடித்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது எல்லோருக்கும் புரிந்தது. கம்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்னால் நின்ற பெண் ஒருத்தி குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து டேங்கின் தலையில் ஊற்றினாள். இன்னொருத்தி சோப்பு எடுத்துவர ஓடினாள். தேய்க்கத் தேய்க்க அக்காவின் விரல்களே எரிந்தன. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுத் தேய்த்தாள்.

இருந்த ஒரே வண்டி டிரைவருடைய டிராக்டர்தான், பின்னால் டிரெய்லரோடு. அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு டயரில் சாய்ந்து நின்றார்.

"இவன நா ஏத்த மாட்டேன்" என்றார். பல் போனதால் பாதிதான் வார்த்தையாக வந்தது.

"இவன ஏத்த வேண்டாம். எனக்கு எலும்பு ஒடிஞ்சிருக்கு, என்ன ஏத்துங்க. உங்களுக்கும் வாய் கிழிஞ்சிருக்கு, மாப்பிள்ளைக்கும் கை வீங்குது. நாம மூணு பேரும் போகணும் இல்ல? நான் இவன மடியில வச்சுக்கிறேன்."

டிரைவர் அவளையே பார்த்தார். ரத்தத்தைத் துப்பினார். பிறகு ஏறி உட்கார்ந்து டிராக்டரைக் கிளப்பினார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தில் பஸ் ஓட்டியிருந்தால் முதல் வாரமே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். பள்ளம் மேடு எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா அலறினாள்; பக்கத்தில் மாப்பிள்ளை அலறினார்; தம்பி மட்டும் சத்தமில்லாமல் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தான். பாதி வழியில் அவன் மூச்சு கரகரவென்று அடைத்தது. மாப்பிள்ளைதான், நல்ல கையை நீட்டி, அவன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயில் விரலை விட்டுக் கோழையை வழித்து எறிந்தார். எறிந்துவிட்டு, "தூ, நாயே" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். கருமணி விரிகிறதா என்று கால் மணிக்கொரு தடவை டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று நாள் மிஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. தம்பி பெண்டாட்டி வந்தாள். தோளில் கட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "யாரு அண்ணி பண்ணது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அவள் அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். மறுகன்னத்திலும் அறைந்தாள். பிறகு அவள் மடியிலேயே விழுந்து அழுதாள். அக்கா நல்ல கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்ய?

வயலில் கூட்டம் போட்டார்கள். அக்காவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஆளுக்கொரு பேச்சு. டிரைவர் எழுந்தார். "இவ தம்பி என் பல்ல உடைச்சான். இவ என் மாப்பிள்ள கைய உடைச்சா. இந்தக் குடும்பத்து ஆளுங்க என் வாசப்படிய மிதிக்கக் கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா அட்டை நிக்கக் கூடாது. அத யாராவது வாங்கிட்டு வாங்க." அத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

அப்படியே நடந்தது. ஒரு கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு அக்கா மறுபடி முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தாள். மருந்து பட்ட பன்னிரண்டு வயலுக்கும் ஒன்றுக்கு இரண்டாக அட்டை கொடுத்தாள். தம்பி பெண்டாட்டி வந்து கூட உட்கார்ந்து பசை தடவினாள். 

டேங்கு பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தான். வீட்டுக்குப் போகவில்லை. நேராக மருந்துக்கடைக்குப் போனான்.

"அந்தக் கேன்ல இருந்தது என்ன மருந்து?" என்று கேட்டான்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தக் கேன்? நீ யாரு? நான் எப்ப உனக்கு மருந்து குடுத்தேன்?"

ஒரு மாதம் டீ வாங்கிக் கொடுத்துத் தூபம் போட்ட வாய். டேங்கு அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கண்ணாடி மேசையில் மோதினான். கண்ணாடி உடைந்தது. மறுபடியும் மோதினான். காதிலிருந்து தாடைவரை கிழிந்து கடைக்காரர் கீழே விழுந்தபிறகு, அலமாரிகளைச் சாய்த்தான். போலீஸ் வரும்வரை உடைந்த பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பத்து மாதம் சிறை கொடுத்தார்கள். கடை மட்டும் மூன்றாவது வாரமே திறந்துவிட்டது, புதுக் கண்ணாடி மேசையோடு. லேபிள் இல்லாத கேனைப் பற்றி யாரும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

பருத்தி வெடித்து, கடைசிப் பறிப்பும் முடிந்த வாரம் அக்கா சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான். இரண்டு கையும் நடுங்கின. ஒன்றை இன்னொன்றால் பிடித்துக்கொண்டான்.

"நூறு காய் பிளந்தோம். ஒன்பதுலதான் புழு" என்றாள்.

"நடுவயல்ல?"

"அங்க இருபத்திரண்டு. உன் புண்ணியம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"கோணலாத்தான் சேர்ந்திருக்கு. கையத் தூக்க முடியல. உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல." மூக்கை உறிஞ்சினான். "அன்னைக்கு ஏன் காப்பாத்தின? அவன் கம்பிய இறக்கியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

அக்கா யோசித்தாள். நல்லதாக ஒரு பதில் சொல்லலாம் என்றுதான் யோசித்தாள். வரவில்லை.

"தெரியலடா. அவன் உன்ன அடிக்க வந்தான். எனக்குக் கோபம் வந்துச்சு. அவ்வளவுதான்."

டேங்கு சிரித்தான். சிரிப்பு நிற்காமல் இருமலாகி, கண்ணில் நீர் வந்து, காவலர் ஒருவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போயிற்று. அவன் இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"வெளிய வந்தா எனக்கு வேலை என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"செடி பிடுங்கணும். பறிச்சு முடிச்ச செடியில நிக்கிற காய்க்குள்ளதான் புழு அடுத்த வருஷத்துக்குத் தூங்குது. ஒரு செடி விடாம வேரோட பிடுங்கி, அரைச்சு மண்ணுல புதைக்கணும். இந்த வருஷம் நாங்க பிடுங்குறோம். அடுத்த வருஷம் நீ வா."

"கை நடுங்குதே."

"நடுங்கட்டும். செடிக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் ஊர் திரும்பும்போது சாயங்காலம் ஆகவில்லை. டிரைவர் வயலில் ஆட்கள் வரிசையாக இறங்கிச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, சரியாக மடங்காத மணிக்கட்டோடு, இடது கையால் வேரை உலுக்கி இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவும் அவரைப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு அடுத்த வரிசையில் இறங்கி, வலது கையால் முதல் செடியின் கழுத்தைப் பிடித்தாள்.